இரத்தத்தில் வந்ததா, உழைப்பில் விளைந்ததா?

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாம் பேசப்போவது கல்வியைப் பற்றித்தான். பறையொலி கேட்டவுடன், 'தாளம் அவர்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது' என்று பாராட்டுவதுபோல் சொல்வோர் உண்டு. அதனை நாமும் பெருமையென்று ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் நம் பிள்ளை கணக்குப் பாடத்தில் தவறினால், 'படிப்பு அவர்கள் இரத்தத்திலேயே இல்லை' என்று அதே வாய்தான் சொல்லும். இரண்டு சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்று நம் உழைப்பை மறைக்கிறது; மற்றொன்று நம் வாய்ப்பைப் பறிக்கிறது.

இதே சொல்லைக் கடலுக்கு அப்பால் கேட்டவர்கள் அமெரிக்காவின் கறுப்பின மக்கள். அவர்தம் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அண்ணல் அம்பேத்கர் அவர்கள், 1946-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் அவர்களுக்கு எழுதிய கடிதத்திலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆகவே அம்மக்களின் இசைக் கலைஞர்கள் தந்த விடையை நாம் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரிலே உருப்பெற்ற இசை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வயற்காட்டுப் பாடலையும், தேவாலயப் பாடலையும், பாண்டு வாத்தியக் கருவிகளையும் ஒன்றுசேர்த்து அதனை உருவாக்கினர். முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பின்னர் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது, அம்மெட்டின் கட்டுக்கோப்புக்குள் நின்றுகொண்டே அந்தக் கணத்தில் தோன்றும் கற்பனையைப் புதிதாக வாசிப்பார்கள். நம் நாட்டில் மனோதர்மம் என்று கூறப்படுவதற்கு ஒப்பானது இது. எழுதிவைத்துப் பாராமல் வாசிப்பதைக் கண்டவர்கள், 'இவர்கள் கற்றவர்கள் அல்லர். இயற்கையாகவே தாளம் அமைந்தவர்கள்' என்று முடிவு கட்டிவிட்டனர்.

அக்கலைஞர்கள் தம் தொழிலைப் பற்றித் தாமே பேசியதைத் தொகுத்தவர் ஆர்தர் டெய்லர் என்னும் டிரம்ஸ் கலைஞர். 1929-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1968 முதல் 1972 வரை தம் சக கலைஞர்களைச் சந்தித்து உரையாடினார். அவ்வுரையாடல்களை 1977-இல் 'நோட்ஸ் அண்ட் டோன்ஸ்' என்னும் நூலாகத் தாமே வெளியிட்டார். விமர்சகர்கள் சொல்லும் கதையை விடுத்து, கலைஞர்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லவேண்டும் என்பது அவர் நோக்கம். பயிற்சி முறை, போதைப் பொருள், உரிமைப் போராட்டம் ஆகியவற்றை அவர் வெளிப்படையாகக் கேட்டார். ஜாஸ் என்னும் பெயரைப் பற்றியும் கேட்டார். மாக்ஸ் ரோச் முதலானோர் அப்பெயரையே ஏற்க மறுத்தனர். அது பிறர் தங்கள்மீது ஒட்டிய பெயர் என்பது அவர்கள் எண்ணம். நமக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்வி நமக்கும் புதிதன்று.

அந்நூலில் பேசியவர்களுள் ஒருவர் சாக்சபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ். 1956-இல் பதிவான 'சாக்சபோன் கொலோசஸ்' இசைத்தட்டு அவரைப் பெரும்புகழ் பெறச் செய்தது. ஆயினும் 1959-இல், முப்பது வயது நிரம்பாத நிலையில், அவர் மேடையை விட்டே விலகினார். பாராட்டுக்குத் தம் வாசிப்பு இன்னும் தகுதி பெறவில்லை என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டார். வீட்டில் வாசித்தால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. எனவே நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்திற்குச் சென்று, ரயில் வண்டிகளும் கப்பல்களும் எழுப்பும் இரைச்சலுக்கிடையே, 1961 வரை வெயிலிலும் குளிரிலும் பல மணி நேரம் பயிற்சி செய்தார். மீண்டும் வந்து 1962-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே 'தி பிரிட்ஜ்', அதாவது பாலம். இரத்தத்திலேயே வந்த கலைக்கு இரண்டாண்டுப் பாலத்துத் தவம் எதற்கு?

அந்நூற்பணி தொடங்குமுன்பே, 1967-இல் மறைந்துவிட்டவர் ஜான் கோல்ட்ரேன். எனினும் அவர் 1960-இல் 'டவுன் பீட்' இதழில் தம் இசைப் பயிற்சியைப் பற்றித் தாமே விரிவாகக் கூறியிருக்கிறார். பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் என்பவரின் வீட்டிற்குச் சென்று, ஐயங்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றதை அதில் நன்றியோடு நினைவுகூர்கிறார். ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர் மாணவராய் அமர்ந்ததை நீங்கள் கவனிக்கவேண்டும். 1959-இல் பதிவாகி 1960-இல் வெளிவந்த அவருடைய 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டில், ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகள் மிக விரைந்து மாறிக்கொண்டே செல்லும். அதில் டிரம்ஸ் வாசித்தவர் நாம் முன்னர்க் கூறிய ஆர்தர் டெய்லரே. வல்லவரான டாமி ஃபிளானகனின் பியானோவே அந்த வேகத்தில் தடுமாறுவதை இன்றும் அத்தட்டில் கேட்கலாம். கோல்ட்ரேனோ இடைவிடாத பயிற்சியால் அதனைக் கடந்து நின்றார். போதைப் பழக்கத்தால் 1957-இல் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டவரும் அவரே. அவ்வாண்டே அதனை விட்டொழித்து எழுந்தவரும் அவரே. நம் இளைஞர்கள் இதனை மனத்தில் இருத்தவேண்டும்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் 'கைண்ட் ஆப் புளூ' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். முழுமையாக எழுதிய இசையை அவர் தம் குழுவினர்க்குத் தரவில்லை. சில சுரவரிசைகளையும் குறிப்புகளையுமே தந்தார். கோல்ட்ரேனும் அக்குழுவில் இருந்தார். பியானோ வாசித்த பில் எவன்ஸ், அழித்தெழுத இடமில்லாத மெல்லிய தாளில் தூரிகையால் வரையும் ஜப்பானிய ஓவியனோடு இம்முறையை ஒப்பிட்டு, அத்தட்டின் உறையில் எழுதினார். இரண்டு நாளில் முடிந்தது என்று வியப்பவர்கள், அந்த இரண்டு நாளுக்குப் பின்னே நின்ற பல்லாண்டுப் பயிற்சியைக் காண்பதில்லை. தேர்வு மூன்று மணி நேரந்தான். அதற்குரிய படிப்பு மூன்று மணி நேரத்தில் வருவதில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவ்விசைத்தட்டு 1959 ஆகஸ்ட் 17-இல் வெளிவந்தது. எட்டே நாள் கழித்து, தாம் வாசித்துக்கொண்டிருந்த 'பேர்ட்லேண்ட்' அரங்கின் வாயிலில் இளைப்பாற நின்ற மைல்ஸ் டேவிஸைக் காவலர்கள் தலையில் அடித்து, இரத்தம் ஒழுகக் கைது செய்தனர். அவர் திறமை அவரைக் காக்கவில்லை. படித்துப் பதவி பெற்றால் இழிவு தானாக நீங்கிவிடும் என்று பிள்ளைகளுக்கு நாம் வாக்களித்தல் கூடாது. கல்வியோடு ஒன்றுபட்ட குரலும் வேண்டும்.

அக்குரலை மறு ஆண்டே எழுப்பினார் மாக்ஸ் ரோச். 1960 பிப்ரவரி 1-இல் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையர்க்கு மட்டும் உணவு பரிமாறிய பலகையின் முன் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். அதே ஆண்டில் ரோச் பதிவு செய்த 'வீ இன்சிஸ்ட்' என்னும் இசைத்தட்டின் உறையிலே, அத்தகைய உணவுப் பலகையின் முன் கறுப்பினத்தார் மூவர் அமர்ந்து நம்மை நேரே நோக்குகின்றனர். தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்ட நமக்கு அப்படத்திற்கு உரை தேவையில்லை. அடிமைக் காலம் முதல் ஆப்பிரிக்க விடுதலை வரை சொல்லும் அவ்விசையில் பாடியவர் ஆபி லிங்கன் அம்மையார். கற்ற கலையைத் தம் மக்களின் வழக்கை எடுத்துரைக்கப் பயன்படுத்தினர் அவர்கள்.

இளைஞர்களே! இழவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் பறையடிக்க மறுப்பது உங்கள் உரிமை. அதனையே கலையாகக் கற்று, உரிய மதிப்போடும் ஊதியத்தோடும் அரங்கேற்றுவதும் உங்கள் உரிமையே. எதைச் செய்தாலும், 'இது எனக்கு இரத்தத்தில் வந்தது' என்று கூறாதீர்கள். 'நான் கற்றேன்' என்று கூறுங்கள். தாளத்தைக் கற்ற கைக்குக் கணக்கும் கைவரும்.

சங்கத்துப் பெரியோர்களே! ரோலின்ஸ் பாலத்தில் நின்று பயின்றது போற்றத்தக்கதே. ஆனால் பயில ஓர் இடமில்லாமை போற்றத்தக்கதன்று. தெருவிளக்கின்கீழ்ப் படித்த தலைமுறை நம்முடையது. நம் பிள்ளைகளும் பாலத்தைத் தேடி அலையவேண்டாம். ஓர் அறை, ஒரு விளக்கு, ஐயம் கேட்டால் சலியாமல் சொல்லித்தரும் ஒருவர்: இம்மூன்றையும் ஒவ்வொரு சேரியிலும் அமைப்பதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சங்கத்தின் பணியாகட்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.