கையெழுத்துக்கு முன் கணக்கு

(மும்பை கிழக்குப் புறநகர்த் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செம்பூர், கோவண்டி, மான்குர்டு என்று இந்தப் பக்கம் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் இன்று ஒரே பேச்சுதான். பில்டர் வருகிறார், கமிட்டி கூடுகிறது, ஒப்புதல் படிவம் வீடு வீடாகச் சுற்றுகிறது. "கையெழுத்துப் போடுங்கள், இலவச வீடு கிடைக்கும்" என்கிறார்கள். நாம் புது வீட்டுக்கு எதிரிகள் அல்லர். மழைக்கு ஒழுகாத கூரையும், வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும், நம் பெண்களுக்குக் கதவு வைத்த குளியலறையும் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் 'இலவசம்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நாம் ஏற்க முடியாது. அந்த வீட்டுக்கு விலை கொடுப்பவர்கள் நாம்தான். எப்படி என்று பார்ப்போம்.

நிலத்தின் விலை மண்ணில் இல்லை, தோழர்களே! மாநகராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் எழுதியிருக்கும் ஓர் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அதன் பொருள். ஆயிரம் சதுர அடி மனைக்கு எண் 1 என்றால், எத்தனை மாடி எழுப்பினாலும் எல்லாம் கூட்டி ஆயிரம் சதுர அடிதான்.

1991-ஆம் ஆண்டு விதிகள் தீவு நகரத்துக்கு 1.33 என்றும், புறநகருக்கு 1 என்றும் வைத்தன. 2018-இல் நடைமுறைக்கு வந்த விதிகளிலும் புறநகரின் அடிப்படை எண் 1-தான். ஆனால் அரசுக்குப் பணம் கட்டி அதைக் கூட்டிக்கொள்ளலாம். இன்னோர் இடத்தில் பயன்படாத கட்டிட உரிமையை, டி.டி.ஆர். என்ற பெயரில், விலைக்கு வாங்கியும் கூட்டிக்கொள்ளலாம். முன்னால் உள்ள சாலை அகலமாக ஆக, 2.5 வரை போகலாம். காசு உள்ளவனுக்கு எண் வளரும்.

அதே மனையில் குடிசைகள் இருந்து, மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் வந்தால் எண் என்ன தெரியுமா? 4. சில இடங்களில் அதற்கும் மேல். வெறும் மனைக்கு 1. நாம் குடியிருக்கும் மனைக்கு 4. இந்தக் கூடுதலைக் கொண்டுவந்தது யார்? பில்டரின் பணமா? இல்லை. நம் தலைக்கணக்கு. சேறாகக் கிடந்த இடத்தில் மண் கொட்டி, குழாய்க்கும் மின்சாரத்துக்கும் வருஷக்கணக்கில் அலைந்து, அதைக் குடியிருக்கத் தகுந்த இடமாக்கிய நம் உழைப்பு.

ஒரு பேச்சுக்கு 500 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விதிப்படி ஆளுக்கு 300 சதுர அடி. ஆக நமக்கு 1,50,000 சதுர அடி. புறநகரில் பழைய விதி, நமக்கு 10 சதுர அடி கட்டினால் பில்டர் 10 சதுர அடி விற்கலாம் என்பது. இப்போது அந்த விகிதம் நிலமதிப்புக்கும் கட்டுமானச் செலவுக்கும் தக்கபடி மாறுகிறது. பழைய விதியையே எடுத்துக்கொண்டாலும் அவர் விற்பது 1,50,000 சதுர அடி. சதுர அடி 20,000 ரூபாய்க்குப் போனால் 300 கோடி ரூபாய்! அதில் நம் கட்டிடத்தின் செலவும் அடங்கும். அவருடைய லாபமும் அடங்கும். இதற்குப் பெயர் இலவசமா? நம் உரிமையை அவர் விற்று, அந்தப் பணத்தில் நமக்கு ஒரு பங்கைக் கட்டித் தருகிறார். பங்காளி கணக்குக் கேட்பது பிச்சை அல்ல.

கேட்காதவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் இந்தப் பகுதியே சாட்சி. மான்குர்டிலும் கோவண்டியிலும் கட்டப்பட்ட மறுகுடியமர்வுக் கட்டிடங்களில் மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். 2018-இல் அது வெளியாயிற்று. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் 3 மீட்டர்தான் இடைவெளி. கீழ்மாடிகளில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே காசநோய் கூடுதல். குடிசையிலிருந்து தப்பி வந்த குழந்தை சிமெண்டுப் பெட்டிக்குள் இருமுகிறது. ஆகவே எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டால் போதாது. இடைவெளி எவ்வளவு, சன்னல் எதைப் பார்க்கிறது, லிஃப்ட் ஓட யார் பணம் கட்டுவது என்றும் கேட்க வேண்டும்.

நமக்குள்ளேயே கோடு கிழிக்கும் இன்னொரு விதி உண்டு. அதுதான் வரம்புத் தேதி. முதலில் 1995 ஜனவரி 1 என்றார்கள். 2014-இல் அதை 2000 ஜனவரி 1 ஆக்கினார்கள். 2018-இல், 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு விலைக்கு வீடு என்றார்கள். 2023-இல் அந்த விலையை இரண்டரை லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. "நமக்குக் கிடைத்தால் போதும்" என்று முன்னால் வந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாமா? நேற்று நாம் பின்னால் வந்தவர்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதி முன்னுக்கு நகர்ந்தது விடுபட்டவர்கள் போராடியதால்தான்.

சரித்திரத்தையும் மறக்க வேண்டாம். 1976 மே மாதம், நெருக்கடி நிலையில், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்கு அருகிலிருந்த ஜனதா காலனியை இடித்து, சுமார் 70,000 மக்களைச் சீத்தா கேம்புக்குத் தள்ளினார்கள். அதை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த நம் ஜாக்கின் அற்புதம். 2018-இல் மறைந்தார். குடிசை மக்களின் கூட்டமைப்பை அகில இந்தியாவுக்கும் கட்டியவர்.

1981-இல் நடைபாதைக் குடிசைகளை இடிக்க உத்தரவு வந்தபோது உச்சநீதிமன்றம் போன மனுதாரர்களில் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து வந்த விவசாயக் கூலி. தஹிசரில் 23 ரூபாய் தினக்கூலிக்கு உழைத்தவர். 1985-இல் வந்த தீர்ப்பு, பிழைக்கும் வழியும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்றது. ஆனாலும் உரிய அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நீதிமன்றம் பாதி வழிதான் கூட வரும். மீதி வழியை நாம்தான் நடக்க வேண்டும்.

எனவே நாம் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கையெழுத்துக்கு முன் நம் மனைக்கு மாநகராட்சியிடமிருந்து டி.பி. ரிமார்க் வாங்குவோம். அந்த இடம் குடியிருப்பு மண்டலமா, பள்ளிக்கோ மைதானத்துக்கோ ஒதுக்கியதா, சாலை வெட்டிப் போகிறதா என்று அதில் தெரியும். நிலம் யாருடையது என்றும் பார்ப்போம். கலெக்டர் நிலமா, மஹாடா நிலமா, தனியாருடையதா? ரயில்வே நிலம் என்றால் மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் மாநிலத் திட்டம் அங்கே நடக்காது. நாம் ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள். இதை அறிந்தே சொல்கிறோம்.

இரண்டாவது, காகிதம். பார்சல் ஆபீசில் ரசீது இல்லாமல் மூட்டை கைக்கு வராது, இங்கும் அப்படியே. போட்டோ பாஸ், மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். குடியிருப்பவருக்கே உரிமை, வேறெங்கோ இருந்துகொண்டு வாடகை வாங்குகிறவருக்கு இல்லை. தாய்மார்களே, வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

மூன்றாவது, வாடகை. வீடு கட்டி முடியும்வரை வெளியே இருக்க இரண்டு ஆண்டு வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், அடுத்த ஆண்டுக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுக்க வேண்டும் என்று மறுவாழ்வு ஆணையம் 2023-இல் விதித்தது. அதைக் காட்டாத வரையில் ஒரு தகரத்தையும் கழற்ற வேண்டாம்.

நான்காவது, சேர்ந்து நிற்பது. முன்பு 70 சதவீதம் பேரின் ஒப்புதல் வேண்டும். இப்போது 51 போதும். பாதிப் பேரை வளைத்தால் எல்லோரையும் வளைத்த மாதிரி. தமிழர் தனியே, மராட்டியர் தனியே, உருது பேசுகிறவர் தனியே என்று நின்றால் அந்த 51-ஐப் பிடிப்பது சுலபம். ஒரே சந்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் ஒரே கமிட்டியில் உட்கார வேண்டும். படிவம் மராத்தியில் இருந்தால் பக்கத்து வீட்டு மராட்டியத் தோழர் படித்துச் சொல்வார்.

"விதி என்பது அரசு போட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். 2015 பிப்ரவரியில் மும்பைக்குப் புதிய வளர்ச்சித் திட்ட வரைவு வந்தது. ஆட்சேபம் சொல்ல 60 நாள் அவகாசம். நகரம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. ஏப்ரலில் அந்த வரைவையே ஒதுக்கிவிட்டுத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. எழுதியவனைக்கொண்டே அழிக்கவைக்க மக்களால் முடியும். அடுத்த அறிவிப்பு வரும்போது அந்தக் குவியலில் தமிழில் பேசுகிறவர்களின் மனுக்களும் இருக்க வேண்டும்.

இந்த நகரத்தின் சாலையையும் ரயிலையும் கட்டிடத்தையும் உருவாக்கியவர்கள் நாம். நம் பங்கை நாம் கேட்போம். டி.பி. ரிமார்க் வாங்கவும், காகிதங்களைச் சரிபார்க்கவும் சங்கத்தின் தோழர்கள் துணைக்கு வருவார்கள். படிவம் யார் கையில் வந்தாலும் முதலில் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கை எல்லோரும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.