சரக்கறைக்குள் காற்று



துறைமுகத்தில் விபத்து என்றவுடன் நம் மனக்கண்முன் எழும் காட்சிகள் சில உண்டு. பாரந்தூக்கியின் வடம் அறுந்து மூட்டைகள் கீழே நிற்பவர்மீது வீழ்கின்றன. திறந்து கிடக்கும் சரக்கறையின் வாயில் ஒருவர் கால் தவறி விழுகின்றார். இவை பொய்யல்ல. இத்தகைய விபத்துகளைத் தடுக்கவே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1929இல் ஓர் ஒப்பந்தம் வகுத்து, 1932இல் அதனைத் திருத்தியமைத்தது. நம் நாட்டிலும் 1934இல் கப்பல்துறைத் தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் இன்று நான் பேசப் புகுவது கண்ணுக்குப் புலனாகாத ஓர் அபாயத்தைப் பற்றி. வடம் அறும்போது ஓசையேனும் எழும். இதற்கு ஓசையுமில்லை, வாடையுமில்லை.

இரும்பு துருப்பிடிப்பதை நீங்கள் பள்ளியில் பயின்றிருப்பீர்கள். ஈரமான இரும்புத்தூளை ஒரு குழாயில் ஒட்டவைத்து, அக்குழாயை நீரில் கவிழ்த்து வைத்தால், சில நாட்களில் நீர் குழாயினுள் ஏறி நிற்கும். காற்றிலிருந்த பிராணவாயுவை இரும்பு கவர்ந்துகொண்டது என்று ஆசிரியர் விளக்குவார். நாமும் ஏட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவோம். அதே சோதனையைக் கப்பலளவு பெரிதாக்கிப் பாருங்கள். எஃகுச் சீவல்களை நிரப்பி, மூடியை இறுக அடைத்து, பல நாள் கடலிற் செல்லும் கப்பல் ஒன்றின் சரக்கறையில் என்ன நிகழும்? அங்கே நீர் ஏறி நமக்கு அறிவிப்பதற்கில்லை.

இரும்பு மட்டுமன்று, நிலக்கரி, மரக்கட்டை, கொப்பரை, பிண்ணாக்கு ஆகியனவும் அடைபட்ட இடத்தில் பிராணவாயுவை உண்டுவிடும். நம் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் அனல்மின் நிலையங்களுக்காக வந்திறங்கும் நிலக்கரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

2006 நவம்பரில் ஸ்வீடன் நாட்டு ஹெல்சிங்போரி துறைமுகத்தில், மரத்தூளை அழுத்திச் செய்த எரிபொருள் வில்லைகளைச் சுமந்து கனடாவிலிருந்து வந்த கப்பலில் ஒரு மாலுமி மாண்டார்; துறைமுகத் தொழிலாளி ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அவர்கள் வீழ்ந்த இடம் சரக்கறையே அன்று. அதனை ஒட்டியிருந்த படிக்கட்டு. அங்கே பிராணவாயு குன்றியதோடு, மரவில்லைகளிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் சேர்ந்திருந்தது.

2008 ஜனவரியில் ‘சாவா லேக்’ என்ற சரக்குக் கப்பலில் நேர்ந்ததை இன்னும் கூர்ந்து நோக்கவேண்டும். எஃகுச் சீவல்கள் ஏற்றிய சரக்கறைக்கு அடுத்திருந்த பண்டக அறையில் இருவர் உயிரிழந்தனர். நல்ல காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 சதவிகிதம். அவ்வறையின் வாயிலிலும் அது குறையவில்லை. மேல்தளத்திற்குச் சற்றுக் கீழே அளந்தபோது 17, அடித்தரையில் 6. ஏணியில் இறங்குபவருக்கு முதற்படியில் ஒரு தீங்கும் தோன்றாது. கீழே சென்றபின்னும் மூச்சு முட்டுவதில்லை, ஏனெனில், நம் உடல் மூச்சுத்திணறலாக உணர்வது பெரும்பாலும் கரியமில வாயு மிகுவதையே, பிராணவாயு குறைவதையன்று. ஆதலால் எச்சரிக்கை ஏதுமின்றிக் கால் தளர்ந்து நினைவு தப்புகின்றது. ‘அபாயம் என்றால் எனக்குத் தெரியாதா?’ என்று சொல்லும் அனுபவசாலிகள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

இதனினும் கொடியது அடுத்து நிகழ்வது. கீழே தோழர் கிடப்பதைக் கண்ட மற்றொருவர் ஒரு கணமும் தாமதியாமல் இறங்கிவிடுகின்றார். 2007 செப்டம்பரில் வடகடலில் ‘வைக்கிங் ஐலே’ என்ற கப்பலில், ஓசையிட்ட நங்கூரச் சங்கிலியைக் கட்டுவதற்காகச் சங்கிலி அறைக்குள் இறங்கிய ஒருவர் வீழ்ந்தார். அவரைக் காக்கச் சென்றவர் வீழ்ந்தார். அவ்விருவரையும் காக்கச் சென்ற மூன்றாமவரும் வீழ்ந்தார். அவ்வறையில் சரக்கு ஒன்றுமில்லை. சங்கிலியின் துருவே போதுமானதாயிற்று. அதுவோ, ஆபத்தில் சிக்கியவரை மீட்பதற்கென்றே கடலில் நின்ற கப்பல்! அம்மூவரையும் அறிவிலிகள் என்று பழிப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணெதிரே தோழன் கிடக்கையில் மேலே நின்று சுவாசக்கருவிக்காகக் காத்திருப்பது, முன்பே பழகியிராத எவருக்கும் எளிதன்று.

அப்பழக்கத்தை உண்டாக்கவே, 2015 ஜனவரி முதல், இத்தகைய அறைகளில் இறங்கும் பொறுப்புடைய மாலுமிகள் இரு மாதத்திற்கு ஒருமுறை இறங்கும் முறையையும் மீட்கும் முறையையும் பயிலவேண்டும் என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. காற்றைச் சோதிக்கும் கருவி கப்பலில் இருத்தல்வேண்டும் என்னும் விதி 2016 ஜூலையில் அமலாயிற்று. பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்த்த நம் முன்னோரும் இதனை ஓரளவு அறிந்தவர்களே. ஆனால் நிலக்கரி வெளிவிடும் வாயு தீப்பற்றக் கூடியது. அங்கே விளக்கு உதவாது, கருவிதான் வேண்டும்.

இவ்விதிகள் மாலுமியை நோக்கி எழுதப்பட்டவை. கரையிலிருந்து காலையில் வந்து ஏறும் தொழிலாளியோ, உள்ளே இருப்பது எச்சரக்கு, மூடி எத்தனை நாள் அடைபட்டிருந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் அறியவேண்டியவர். கருவி கப்பல் அதிகாரியின் வசம். ஏணியில் இறங்கும் கால் இவருடையது. ஆகவே, இறங்குமுன் அவர் அந்த அதிகாரியைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் அளந்தாயிற்றா?