தேக்குச் சன்னலுக்கு எண்ணெய்

புது வீட்டுக்கு மரச் சன்னல் செய்யக் கொடுக்கிறீர்களா? தேக்கு என்ற பெயரே போதும் என்று இருந்துவிடாதீர்கள். வைரம் பாய்ந்த கட்டைதானா என்று பாருங்கள். ஓரத்தில் வெளிறிய பகுதி தெரிந்தால், பூச்சி அரிப்பது அங்கேதான் தொடங்கும். மரம் நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும்.

அடுத்து, மரத்துக்கு என்ன பூசுவது? வார்னிஷ் மரத்தின் மேல் ஏடாகப் படியும். வெயிலில் அது வெடித்தால் மழைநீர் உள்ளே புகுந்துவிடும். ஆளிவிதை எண்ணெய், அதாவது கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில், மரத்துக்குள் இறங்கிவிடும், உரிந்து வராது. நிறம் மங்கும்போது தூசு துடைத்து, மெல்லிசாக மறுபடி பூசி, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சட்டங்களின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். பொருத்துவதற்கு முன்பே ஆசாரியிடம் சொல்லி அங்கே எண்ணெய் ஊறவிடுங்கள்.

ஒன்று முக்கியம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். சுருண்டு கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் அதை வெளியே விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.