அந்தக் கயிறு ஏன் அறுந்தது?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட்ல ஒரு கயித்தைப் பத்திப் பேசப் போறோம். எங்க வீட்டுல ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை நின்னு போனதுக்குக் காரணமான கயிறு.

எனக்கு ஊர் ஆலங்குளம். உடனே தென்காசிப் பக்கம்னு நினைச்சுடாதீங்க. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். சிமெண்ட் மூட்டை 50 கிலோன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது மாமா, அதாவது அம்மாவோட தம்பி, வீட்டுக்கு மேல மாடி எடுத்தாரு. மூட்டை ஏத்தி இறக்கக் கப்பியும் நைலான் கயிறும் கட்டினாங்க. கயித்தை வாங்கிட்டு வந்தது எங்க அப்பா. மாமா ரொம்பக் கவனமான ஆளு. முதல் நாள் சாயங்காலம் ரெண்டு மூட்டையைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாரு. நூறு கிலோ. கயிறு அசையல.

மறுநாள், வேலை முடிஞ்சு மிச்சமிருந்த ஒரே ஒரு மூட்டையைக் கீழ இறக்கும்போது கயிறு கையில இருந்து வழுக்கிடுச்சு. மூட்டை முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலா சரிஞ்சிருக்கும். கயித்துல இருந்த முடிச்சு ஒண்ணு கப்பியில போய் மாட்டுச்சு. மூட்டை வெடுக்குனு நின்னுச்சு. நின்ன அதே நொடியில கயிறு அறுந்து, கீழ நின்ன மாமா கால்ல விழுந்துச்சு. பாதத்துல எலும்பு முறிவு, மூணு மாசம் வேலைக்குப் போக முடியல.

“நூறு கிலோ தாங்கின கயிறு அம்பது கிலோவுக்கு எப்படி அறும்? மட்டமான கயித்தை வாங்கிட்டு வந்துட்டாரு.” இதுதான் மாமாவோட வாதம். அப்பா பதில் சொல்லல. எங்க வீட்டுக்கு வர்றதையே மாமா நிறுத்திட்டாரு.

இப்போ இயற்பியலுக்கு வருவோம். நியூட்டன் 1687-ல வெளியிட்ட பிரின்சிபியா நூல்ல இருக்கிற இரண்டாம் விதியை, விசை = நிறை × முடுக்கம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். இதுல பலரும் தவறவிடுற ஒரு வார்த்தை இருக்கு. அது ‘நிகர’. ஒரு பொருள் மேல செயல்படுற எல்லா விசையையும் திசையோட கூட்டிக் கழிச்சு மிச்சம் வர்ற நிகர விசைதான் நிறை × முடுக்கம். நீங்க தேடுற அந்தத் தெரியாத விசை அதுல ஒரு பகுதியா மட்டும் இருக்கலாம்.

இந்தத் தப்பை நானும் பண்ணினேன். பிளஸ் ஒன் பரீட்சையில ராக்கெட் கணக்கு வந்துச்சு. எடையைச் சேர்க்க மறந்து மார்க்கை விட்டேன். அந்தக் கோபமோ என்னமோ, போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ சித்தி பொண்ணோட சேர்ந்து ஒரு சோதனை செஞ்சு பார்த்தேன். பக்கத்துலதான் சிவகாசி, ராக்கெட்டுக்குப் பஞ்சமில்ல. குச்சியோட சேர்த்து எடை போட்டோம்: 60 கிராம். சுவத்துல அரை மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு. பாட்டில்ல வச்சுப் பத்த வச்சுட்டுத் தள்ளி வந்துட்டோம். தூரத்துல ஸ்டாண்டுல மாட்டின போன் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்துல படம் எடுத்துச்சு.

கிளம்பின முதல் 48 ஃபிரேம்ல, அதாவது 0.2 நொடியில, ராக்கெட் சுமார் 1 மீட்டர் ஏறியிருந்துச்சு. ஓய்வுல இருந்து கிளம்பினா, முடுக்கம் = 2 × தூரம் ÷ நேரத்தின் வர்க்கம். 2 ÷ 0.04 = 50 மீ/வி². நிறை 0.06 கிலோ. பெருக்கினா 3 நியூட்டன்.

“அப்ப ராக்கெட்டோட விசை 3 நியூட்டனா அண்ணே?”ன்னு தங்கச்சி கேட்டா. நான் பரீட்சையில எழுதின அதே பதில்! 3 நியூட்டன் நிகர விசை. பூமி அதே ராக்கெட்டைக் கீழ இழுக்குது, 0.06 × 9.8 = சுமார் 0.6 நியூட்டன். அதையும் சமாளிச்சுட்டுத்தான் மிச்சம் 3 வந்திருக்கு. அதனால உந்துவிசை சுமார் 3.6 நியூட்டன். மருந்து எரிய எரிய நிறை குறையும், காத்தோட தடை இருக்கு, அதனால இது தோராயம்தான். ஆனா வழி சரி.

பெரிய ராக்கெட்டுக்கும் இதே கணக்குதான். 2023 ஜூலை 14-ல சந்திரயான்-3 கிளம்புச்சு இல்லையா, நம்ம விழுப்புரம் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்தது. அதைச் சுமந்த எல்விஎம்3 ராக்கெட் புறப்படும்போது சுமார் 640 டன். எடை மட்டும் கிட்டத்தட்ட 63 லட்சம் நியூட்டன். அதுக்குக் குறைவா எவ்வளவு தள்ளினாலும் ராக்கெட் தளத்தை விட்டு எழும்பாது. அதுக்கு மேல, முடுக்கம் ஒவ்வொரு 1 மீ/வி² கூடவும் இன்னும் 6.4 லட்சம் நியூட்டன் வேணும்.

சரி, கயித்துக்கு வருவோம். தங்கச்சிகிட்ட விளக்கி முடிச்ச அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு மாமாவோட மூட்டை ஞாபகம் வந்துச்சு. மூட்டை 0.8 மீட்டர் தடையில்லாம விழுந்தா வேகம் நொடிக்கு 4 மீட்டர் ஆயிடும். நைலான் கொஞ்சம் இழுபட்டு, 0.2 நொடியில நின்னுச்சுன்னு வைங்க. 4 ÷ 0.2 = 20 மீ/வி² முடுக்கம். எந்தத் திசையில? மூட்டை கீழ போய்க்கிட்டு இருந்தாலும் வேகம் குறையுது, அதனால முடுக்கம் மேல்நோக்கி. இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க.

50 × 20 = 1,000 நியூட்டன். இதோட நிறுத்தினா மாமா வாதம்தான் ஜெயிக்கும். ஏன்னா அவர் தொங்கவிட்ட ரெண்டு மூட்டையோட எடை 980 நியூட்டன், கிட்டத்தட்ட அதே அளவு. ஆனா 1,000 நிகர விசைதான். மூட்டையோட எடை 490-ஐயும் கயிறுதான் சுமக்கணும். மொத்தம் 1,490 நியூட்டன், மூணு மூட்டை தொங்கினதுக்குச் சமம். 0.1 நொடியில நின்னிருந்தா 2,490 நியூட்டன், அஞ்சு மூட்டை! ரெண்டு மூட்டைக்கு மட்டும் சோதிச்சுப் பார்த்த கயிறு அது.

நான் கோடு எழுதுறவன். எங்க வேலையில புரோகிராம் உடைஞ்சா, எழுதினவனைத் திட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு லோடு வந்துச்சுன்னு பார்ப்போம். கயித்துக்கும் அதைத்தான் பார்த்திருக்கணும்.

அப்பாவும் மாமாவும் பேச ஆரம்பிச்சு இப்ப பல வருஷம் ஆச்சு, ஒரு கல்யாணம் சேர்த்து வச்சுடுச்சு. ஆனா அந்தக் கயித்துப் பேச்சை மட்டும் ரெண்டு பேரும் எடுக்கவே மாட்டாங்க. மறுநாள் காலையில ஒரு பேப்பரோட மாமா வீட்டுக்குப் போனேன். மூட்டையை ஒரு பெட்டியா வரைஞ்சேன். மேல ஒரு அம்பு, கயிறு. கீழ ஒரு அம்பு, எடை. பக்கத்துல இன்னொரு அம்பு, முடுக்கம். மாமா ரொம்ப நேரம் பார்த்துட்டு, “அப்ப மச்சான் வாங்குனது நல்ல கயிறுதானா?”ன்னு கேட்டாரு.

“ஆமா மாமா. வெடுக்குனு நின்னதுதான் காரணம்.”

அவர் ஒண்ணும் சொல்லல. அந்தப் பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து, அப்பா முன்னாடி அதை விரிச்சு வச்சாரு.

பிளஸ் ஒன் படிக்கிற தம்பி தங்கச்சிகளே, முதல்ல படம் வரைங்க. எல்லா விசைக்கும் அம்பு போடுங்க. அப்புறம் முடுக்கம் எந்தப் பக்கம்னு குறிங்க. சூத்திரம் கடைசியில வரட்டும். கட்டட வேலை பார்க்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: தொங்கவிட்டுப் பார்த்தது மட்டும் போதாது. மூட்டை இறங்கும்போது கீழ யாரும் நிக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.