உப்புத் தண்ணிக்கு ஒரு பைப்லைன்

போன மாசம் ஆபீஸ்ல ஒரு வாக்குவாதம். டேட்டா ஒரு ஊர்ல இருக்கு, அதை ப்ராசஸ் பண்ற சர்வர் இன்னொரு ஊர்ல இருக்கு. எதை எங்க நகர்த்துறது? இதே கேள்வி 1770-கள்ல பிரான்ஸ்ல உப்பு காய்ச்சினவங்களுக்கும் வந்திருக்கு.

கிழக்கு பிரான்ஸ்ல, ஜூரா மலைப்பக்கம், சாலின்-லே-பேன்னு ஒரு சின்ன ஊர். கடல் கிடையாது. ஆனா பூமிக்கு அடியில 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி படிஞ்ச உப்பு இருக்கு. நிலத்தடித் தண்ணி அதைக் கரைச்சு, உப்பு ஊற்றா வெளியே வருது.

நம்ம தூத்துக்குடியில பாத்தி கட்டித் தண்ணியைத் தேக்கினா, மிச்சத்தை வெயில் பார்த்துக்கும். ஜூராவுல அந்த வெயில் இல்ல. பெரிய இரும்புச் சட்டியில ஊத்தி, விறகு வெச்சு, ராப்பகலாக் காய்ச்சணும். நூற்றாண்டுக்கணக்கா காய்ச்சினதுல பக்கத்துக் காடெல்லாம் தேஞ்சுபோச்சு. விறகு ரொம்ப தூரத்துல இருந்து வரணும்.

அப்போ எடுத்த முடிவு: விறகை ஊற்றுக்குக் கொண்டுவராதே, ஊற்றைக் காட்டுக்குக் கொண்டுபோ! ஷோ காட்டுக்குப் பக்கத்துல, ஆர்க்-ஏ-செனான்ல, லெதூங்கிற கட்டடக் கலைஞர் 1775-ல இருந்து 1779 வரைக்கும் ஒரு உப்பாலை கட்டினார். சாலின்ல இருந்து 21 கிலோமீட்டர் குழாய். எதால? மரத்தால! நடுவுல துளை போட்ட மரத்தண்டுகளை ஒண்ணோட ஒண்ணு சொருகிப் புதைச்சாங்க.

பேப்பர்ல பக்கா டிசைன். ஆனா மரக்குழாய் ஒழுகிச்சு. அதோட திருட்டு பயம் வேற. ஏன்னா அன்னைக்கு உப்பு மேல 'காபெல்'னு கொடுமையான வரி. சில பகுதிகள்ல ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு உப்பு வாங்கியே ஆகணும்னு கட்டாயம். கடத்தி மாட்டினா கடுமையான தண்டனை உண்டு. அதனால உப்புத் தண்ணி ஓடுற குழாய்க்கே வழிநெடுக காவல். ஆலையைச் சுத்தி மதில், தொழிலாளிங்க குடும்பத்தோட உள்ளேயே குடியிருப்பு, நட்ட நடுவுல டைரக்டர் வீடு.

1790-ல, புரட்சி சமயத்துல, அந்த வரியை ஒழிச்சாங்க. 1806-ல நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். 1895-ல ஆலை மூடினாங்க. 1982-ல அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. 2009-ல சாலினையும் அதோட சேர்த்தாங்க.

இதைப் படிச்சதும் எங்க ஆபீஸ் வொயிட்போர்டுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு டப்பா, நடுவுல ஒரு அம்புக்குறி. டப்பாவைப் பத்தி மூணு மணி நேரம் பேசினோம். அந்த அம்புக்குறி எங்க ஒழுகும், அதை ராத்திரி யார் முழிச்சிருந்து காவல் காக்கணும்னு ஒருத்தரும் கேக்கல. நானும்தான் கேக்கல. அடுத்த மீட்டிங்ல முதல் கேள்வியா அதைத்தான் கேட்டேன். ஏன்னா அந்த ராத்திரி கால் எனக்கோ, பக்கத்து சீட்டுப் பையனுக்கோதான் வரும்.

இன்னைக்கு சாப்பிடும்போது உப்பை ஒரு செகண்ட் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!