ஐதர் அலியின் உடையும் பிரெஞ்சுப் படங்களும்



நம் தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பூதிகோட்டை, மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் என்ன உடுத்தினார் என்பதே இன்றைய என் பேச்சு.

அரசன் என்றவுடன் நவமணி பதித்த தலைப்பாகை நம் மனக்கண்முன் தோன்றுகிறது. நாடக மேடை மட்டும் தந்த உருவமன்று அது. பாரிசு அச்சுக்கூடங்களுக்கும் அதில் பங்குண்டு. 1827 முதல் 1835 வரை ‘பிரெஞ்சு இந்தியா’ என்னும் பெயரில் அங்கு வெளிவந்த தொகுதியில், சோழமண்டலக் கரை மக்களின் உடையும் ஆயுதமும் கல்லச்சுப் படங்களாக வந்தன. கல்லின்மீது கொழுப்புக் கோலால் வரைவர். கல்லை நீரால் நனைத்து மை பூசினால், வரைந்த கோடு மட்டுமே மையை ஏற்கும். தாளில் விழுவது கறுப்பு ஒன்றுதான். வண்ணத்தைப் பின்னர்த் தூரிகையால் தீட்டுவர். தீட்டும் கைக்கு இந்தியா தெரியாது; எதிரேயிருக்கும் மாதிரிப் படமே தெரியும். ஆகவே இத்தகைய படங்களில் கோட்டை நம்புமளவுக்கு வண்ணத்தை நம்பலாகாது என்பது என் கருத்து.

கோடும் தவறுவதுண்டு. தாடியுடன் ஐதரைக் காட்டும் பழைய பிரெஞ்சுப் படமொன்று, அவரை மராட்டியர் படைத்தலைவர் என்றே குறிக்கிறது!

உண்மை உருவத்தை எழுத்தில் தந்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. ஐதரின் பீரங்கிப் படையில் பணியாற்றிய தெ லா தூர் எழுதிய வரலாறு 1783-இல் வெளிவந்தது. ஐதர் மறைந்தது அதற்கு முந்திய ஆண்டு டிசம்பரில். அந்நூலின்படி ஐதருக்குத் தாடியுமில்லை, மீசையுமில்லை. வழக்கமான உடை வெள்ளை மசுலின், தலைப்பாகையும் அதுவே. போர்க்களத்தில் பொற்பூ வேய்ந்த வெண்பட்டுச் சட்டை, மஞ்சள் விளிம்பு, மஞ்சள் வெல்வெட்டுக் காலணி, இடையில் வெண்பட்டுக் கச்சை, செந்நிறத் தலைப்பாகை. தலைப்பாகையில் மணியில்லை, கழுத்தில் மாலையில்லை, கையில் காப்புமில்லை. நடக்கும்போது பொற்பூண் கட்டிய கைத்தடி ஒன்று உண்டு. நம் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கு இதைவிட எளிய அரசவேடம் கிடைக்குமா?

அவர் மைந்தர் திப்பு சுல்தானின் தூதர்கள் 1788-இல் பாரிசு சென்றனர். அவர்களுள் தர்வேசுகானை விழே லெ புரூன் என்ற பெண் ஓவியர் நேரில் நிறுத்தித் தீட்டினார். மன்னர் பதினாறாம் லூயி கேட்டாலன்றி இசையோம் எனத் தூதர்கள் முதலில் மறுத்தனராம். அந்த ஓவியத்திலும் தர்வேசுகான் அணிந்திருப்பது பொற்பூ இட்ட வெள்ளை மசுலினே.