மரபும் மனச்சிதைவும்

(பிள்ளையார்பாளையத்தில் நடைபெற்ற மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேசவே என்னை அழைத்தார்கள். என் அண்ணனின் நோயைப் பற்றிப் பேச நான் இசைவு கேட்டேன்.

அவர் கோர்வைச் சேலை நெய்வதில் வல்லவர். இருபத்திரண்டாம் வயதில், யாரும் பேசாத பேச்சு அவர் காதில் கேட்கத் தொடங்கியது. மூன்றாண்டுகள் நாங்கள் எந்த மருத்துவரையும் நாடவில்லை. சோளிங்கருக்கு அழைத்துச் சென்று தக்கான் குளத்தில் நீராட்டினோம். பின்னர் மருத்துவரிடம் போனபோது, "குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டா?" என்று கேட்டார். அப்பா, "இல்லை" என்றார். காசிக்குப் போய்விட்டதாக எங்களுக்குச் சொல்லப்பட்ட சின்னத் தாத்தா ஒருவர் இருந்தார். அவர் காசிக்குப் போகவில்லை என்பது தெருவின் மூத்தவர்கள் அனைவருக்கும் தெரியும். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

மனச்சிதைவு நோயில் மரபுக்குப் பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. பொதுவாக நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே காணப்படும் இந்நோய், பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வருகிறது. எஞ்சிய தொண்ணூறு பேரை வரன் பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1930-இல் ஒரே கருவிலிருந்து பிறந்த நான்கு சகோதரிகளுக்கும் இந்நோய் வந்தது. ஆய்வாளர்கள் அவர்களுக்கு இட்ட புனைபெயர் 'ஜெனைன்'. கொடும் பிறப்பு என்ற பொருள்பட கிரேக்கத்திலிருந்து ஆக்கிய பெயர். ஆயினும் ஒருத்தி மணம் முடித்துப் பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்தாள். இன்னொருத்தி நெடுங்காலம் மருத்துவமனையிலேயே கிடந்தாள். மரபு ஒன்று, வாழ்வு நான்கு. பெயர் வைத்தவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறினால் ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் பிழை விழும். சில நோய்கள் அவ்வாறு ஒரே மரபணுவால் வருவன. இந்நோய் அப்படிப்பட்டதன்று. 2022-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, மரபுத்தொகுதியில் 287 இடங்களை இதனோடு தொடர்புபடுத்தியது. பாவில் அங்கங்கே இழைகள் சற்றே இளகியிருப்பது போல. தனித்தனியே எதுவும் சேலையைக் கெடுத்துவிடாது.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களும் கூடி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். உடல் நியாசின் என்னும் உயிர்ச்சத்தைக் கையாளும் வழியோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அது சுட்டியது. அந்த ஆய்வுக்குக் குருதி கொடுத்தவர்களில், "எங்கள் வீட்டில் உண்டு" என்று சொல்லத் துணிந்த குடும்பத்தாரும் இருந்தனர். எங்கள் வீடு அதில் இல்லை.

அண்ணனுக்கு முதல் மருந்தும் கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. நோயாளிகளில் மூவரில் ஒருவர் நிலை ஏறத்தாழ இதுதான். உறவினர் உடனே, "அது ரத்தத்தில் ஊறியது, மருந்துக்கு அடங்காது" என்று தீர்ப்பளித்தார்கள். மருந்துக்கு மசியாத இத்தன்மையை மட்டும் ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வோ, பரவலாகக் காணப்படும் மரபு வேறுபாடுகளுக்கு அதில் மிகச் சிறிய பங்கையே கண்டது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளப் பலன் குறைவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் மூன்றாண்டுகளை நான் அந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாவதாக வந்தது குளோசபின். 1975-இல் பின்லாந்தில் வெள்ளணுக்கள் குன்றிச் சிலர் இறந்ததால் பல நாடுகளில் ஒதுக்கப்பட்ட மருந்து இது. வேறு மருந்துகளுக்கு மசியாதவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு இது பயன்பட்டது, ஒப்பிட்ட பழைய மருந்து நான்கு பேருக்கே பயன்பட்டது என்று 1988-இல் அமெரிக்க ஆய்வு காட்டிய பிறகே மீண்டது. பதினெட்டு வாரங்கள் வாரந்தோறும் அண்ணனின் குருதியைச் சோதித்தோம். இரவில் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது, உடல் பருத்தது. குரல்கள் முற்றும் ஓயவில்லை. ஆனால் அவர் மீண்டும் தறியில் அமர்ந்தார். இப்போது கோர்வை இல்லை, எளிய சேலைதான்.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு செய்தி. கொரிய மொழியில் இந்நோயின் பழைய பெயருக்கு மனம் பிளந்த நோய் என்று பொருள். 2011-இல் அதை நீக்கி, நரம்புக் கருவிக்குச் சுருதி கூட்டுதலைக் குறிக்கும் சொல்லால் புதுப் பெயர் அமைத்தார்கள். நம்மிடம் இருப்பது 'சிதைவு'.

பித்தன் என்பது நாம் இறைவனுக்குச் சூட்டிய பெயர். தெருவில் அண்ணனுக்கு அது வசை. இம்மன்றத்தின் முதற் கவியரங்கில் நான் படித்த கவிதையில் அச்சொல் ஏழு முறை வந்தது. ஏழாம் முறை கைத்தட்டல் எழுந்தது. அண்ணன் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அந்தக் கவிதையை இம்மலரில் சேர்க்க வேண்டாமென்று பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.